ஐந்தாவது கட்டம்

நான் தேசிய தகவல் பாதுகாப்பு ஆளணியில் ஒருவன். இதைக் கேட்டு யாரும் கதிரையை விட்டு எழும்பத் தேவையில்லை. சான்றிதழ் கையில் இருக்கிறது, மாவட்ட இலக்கம் 417. மும்மொழியிலும் என் பெயரைப் போட்டிருக்கிறார்கள், மூன்றிலும் மூன்று விதமான பிழையோடு. தமிழில் நான் யோசோப்பு. இந்த யோசோப்பு நாட்டின் தகவல் எல்லையைக் காக்கிறான் என்பதை நீங்கள் நம்பத்தான் வேண்டும், ஏனென்றால் முத்திரை குத்தியிருக்கிறது.

மற்றபடி நான் வெறும் யோசேப். தலைமன்னார் பியர் என்ற இறங்குதுறைக் கிராமத்தில் இருக்கும் எங்கள் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தின் செயலாளர். சங்கத்துக்கு நானூற்றுப் பன்னிரண்டு அங்கத்தவர்கள், எட்வேட் அண்ணை என்றொரு தலைவர், பூட்டு வேலை செய்யாத ஒரு அலுமாரி, ஒரு கணினி. அந்தக் கணினியை இயக்கத் தெரிந்த ஒரே ஆள் நிறஞ்சலா. வயது முப்பத்தைந்து. பதினொரு வருஷமாக எங்களிடம் தற்காலிக எழுதுவினைஞர். தற்காலிகம் என்ற சொல் எங்கள் பக்கத்தில் இவ்வளவு தூரம் இழுபடும். ஒவ்வொரு வருஷமும் அவளை நிரந்தரமாக்குவதாகத் தீர்மானம் போடுவோம், ஒவ்வொரு வருஷமும் ஏதாவது ஒரு கடதாசி குறையும். இந்த முறை எல்லாக் கடதாசியும் சேர்ந்திருந்தது. வருகிற தை மாதம் நியமனம் என்று எட்வேட் அண்ணை அவளுடைய தாயிடமே போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

அப்போதுதான் தேசிய தகவல் அரண் அதிகாரசபையிலிருந்து கடிதம் வந்தது.

வருட முடிவுக்குள் நாட்டில் ஒரு லட்சம் பேரைத் தகவல் பாதுகாப்பில் பயிற்றுவிக்க வேண்டும் என்பது அதிகாரசபையின் இலக்கு. மன்னார் மாவட்டத்தின் பங்கு ஆயிரத்து இருநூறு பேர். பதினொரு மாதமாக அதிகாரசபை திட்டமிட்டிருக்கிறது. ஆகவே மிச்சமிருந்த மூன்று கிழமைக்குள் எங்களை வைத்து நாட்டைக் காப்பாற்றியாக வேண்டிய நிலை. கடிதத்தின் அடியில் ஒரு வரி இருந்தது: கணினியில் கடமையாற்றும் தற்காலிக ஊழியர் எவரும் இச்சான்றிதழ் இன்றி நிரந்தரமாக்கப்படலாகாது.

"மூண்டு நாள் தானே. போய்க் குந்தியிருந்திட்டு வாங்கோ," என்றார் எட்வேட் அண்ணை. அவரையும் சேர்த்துத்தான் கூப்பிட்டிருந்தார்கள் என்பதை நான் பிறகுதான் சொன்னேன்.

பயிற்சி தேவாலயப் பங்கு மண்டபத்தில் நடந்தது. எங்கள் மண்டபத்தில் நூற்றியெண்பது பேர், மாவட்டத்தின் மிச்ச ஆயிரத்து இருபது பேருக்கும் அதே நாட்களில் வேறு மண்டபங்களில் நடந்தது. தலைமன்னாரிலிருந்து மீனவர்கள், தாராபுரத்திலிருந்து கருவாட்டு வியாபாரிகள், முசலியிலிருந்து ஒரு பஸ் நிறைய விவசாயிகள். கணினி தெரிந்தவர்கள்தான் வரவேண்டும் என்று கடிதத்தில் இருந்தது. ஆனால் தொகை நிரம்பவில்லை என்றதும், கணினியைக் கண்டவர்கள் வரலாம் என்று தளர்த்தினார்கள். கடைசியில் மண்டபத்துக்கு வழி தெரிந்தவர்கள் வந்தார்கள்.

குத்துவிளக்கு ஏற்றினார்கள். கடற்கரைக் காற்று அணைத்தது. மறுபடி ஏற்றினார்கள். இப்படி ஒன்பது திரிக்கும் ஒன்பது பிரமுகர்கள் போராடி முடிக்க முக்கால் மணித்தியாலம் போனது. பிறகு கொழும்பிலிருந்து வந்திருந்த பணிப்பாளர் பேசினார். நல்ல உயரம், நல்ல குரல். எழுதி வைத்ததைப் பார்க்காமலே பேசினார்.

"அன்பார்ந்த மக்களே, பாதுகாப்பு என்றால் என்ன? பாதுகாப்பு என்றால் நம்பிக்கை. நீங்கள் பூட்டை நம்புகிறீர்கள். நாங்கள் சொல்கிறோம், பூட்டை விடத் திறப்புத்தான் முக்கியம். திறப்பு எங்கள் கையில் இருந்தால் உங்கள் பூட்டைப் பற்றி நீங்கள் கவலைப்படவே தேவையில்லை."

எல்லோரும் கை தட்டினோம். நானும் தட்டினேன். இப்போது யோசித்தால் கை கூசுகிறது.

கை தட்டி முடியவும் வரவுப் படிவம் சுற்றி வந்தது. ஆறு கட்டங்கள். பெயர், அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி, மின்னஞ்சல், கடவுச்சொல், கையொப்பம்.

இங்கே எங்கள் ஆட்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். படிவம் நிரப்புவதில் எங்களை மிஞ்ச ஆள் கிடையாது. கடலுக்குப் போகப் பாஸ் எடுத்த படிவம், வீட்டில் எத்தனை பேர் படுக்கிறார்கள் என்ற படிவம், இடம்பெயர்ந்த படிவம், திரும்பி வந்த படிவம், திரும்பி வந்ததை உறுதிப்படுத்தும் படிவம். ஒரு கட்டத்தை வெறுமையாக விட்டால் வெயிலில் நிற்க வேண்டிவந்த காலம் ஒன்று இருந்தது. அதனால் வெறுங்கட்டத்தைக் கண்டால் எங்கள் பேனை தானாக இறங்கிவிடும். கேள்வி என்ன என்று பார்ப்பது இரண்டாம் பட்சம். நூற்றெழுபத்தொன்பது பேர் ஐந்தாவது கட்டத்தை நிரப்பினோம். நான் வடிவான கையெழுத்தில், பெரிய எழுத்து எது, சின்ன எழுத்து எது என்று அடைப்புக்குள் விளக்கமும் எழுதினேன். மின்னஞ்சல் இல்லாத எட்வேட் அண்ணை முகநூலின் கடவுச்சொல்லைக் கொடுத்தார். முகநூலும் இல்லாத ஒரு முசலிக்காரர் வீட்டுக் கதவு இலக்கத்தைக் கொடுத்தார்.

நிறஞ்சலா ஐந்தாவது கட்டத்தில் ஒன்றும் எழுதாமல் ஆறாவதில் கையொப்பம் வைத்தாள்.

படிவங்களைச் சேகரித்தவர் டிலோஜன் என்ற இணைப்பாளர். கழுத்துப்பட்டி கட்டிய, கெட்ட மனம் இல்லாத பிள்ளை. அவர் அவளிடம் வந்து குனிந்து, "மிஸ், ஒரு கட்டம் வெறுமையாக் கிடக்கு," என்றார்.

"ஓம் சேர். தெரிஞ்சுதான் விட்டனான்."

"கடவுச்சொல் எண்டா பாஸ்வேட்."

"விளங்குது சேர்."

"மறந்து போச்சோ?"

"இல்லை, ஞாபகம் கிடக்கு."

டிலோஜன் நிமிர்ந்து மேடையைப் பார்த்தார், பிறகு கூரையைப் பார்த்தார். இதற்கு அவரிடம் சுற்றறிக்கை இல்லை. "இது பாதுகாப்பா இருக்கும் மிஸ். ஃபைலுக்குள்ள வைச்சு நூலால கட்டிப்போடுவம்."

"நீங்கள் காட்டின முதல் படத்திலயே, கடவுச்சொல்லை ஒருத்தருக்கும் சொல்லக்கூடாதெண்டு கிடந்ததே சேர்."

"அது ஒருத்தருக்கும் சொல்லக்கூடாதெண்டு. நாங்கள் ஒருத்தர் இல்லை மிஸ், நாங்கள் அதிகாரசபை."

அவள் தலையை ஆட்டினாள். ஆனால் பேனையை எடுக்கவில்லை. டிலோஜன் படிவத்தில் அவள் பெயருக்கு நேரே சிவப்புப் பேனையால் ஒரு வட்டம் போட்டுக்கொண்டு போனார். பிறகு எல்லாப் படிவங்களையும் மேசையில் பரப்பி, தொலைபேசியில் படம் எடுத்து, 'மன்னார் அரண் குடும்பம்' என்ற வட்சப் குழுவில் போட்டார். அன்றன்றைய வரவு அன்றே கொழும்புக்குப் போக வேண்டுமாம். குழுவில் இருநூற்று நாற்பது பேர். உடனே பெருவிரல்களும் பூக்களும் வந்து விழுந்தன.

இரண்டாம் நாள் பாடங்கள். கொழும்பிலிருந்து வரவேண்டிய வளவாளர்கள் மதவாச்சியோடு வாகனம் பழுதாகி நின்றுவிட்டார்கள். பணிப்பாளர் கலங்கவில்லை. நேரசூசியைக் கையில் எடுத்து, இருக்கிற உத்தியோகத்தர்களில் யாருக்கு எது பொருந்தும் என்று பார்த்து ஆளனுப்பினார். வைரஸ் பற்றிய பாடத்துக்குப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்தார். அவர் பாவம், தன்னை எதற்குக் கூப்பிட்டார்கள் என்று கேட்காமல் டெங்கு பற்றி ஒன்றரை மணித்தியாலம் பேசி, சிரட்டைகளைக் கவிழ்த்து வைக்கச் சொல்லிவிட்டுப் போனார். கணினிக்குள் கள்ளர் நுழையாமல் மறிக்கும் தீச்சுவர் பற்றிய பாடத்துக்குத் தீயணைப்புக் கருவி விற்பவர் ஒருவர் வந்து பொடி அடித்துக் காட்டினார். அந்த நேரம் பார்த்து மண்டபத்துக்குள் நுழைந்த கழுதை ஒன்று முழுக்க வெள்ளையாக வெளியே போனது. இரண்டு பாடத்துக்கும் குறிப்பெடுத்தோம்.

பின்னேரப் பாடம், பிஷிங் தடுப்பு. ஆளை ஏமாற்றித் தகவல் பறிப்பதைப் பற்றிய பாடம் அது என்று நிறஞ்சலா என் காதுக்குள் சொன்னாள். வந்தவர் மீன்பிடிப் பரிசோதகர். தடைசெய்த கண் அளவுள்ள வலை ஒன்றைத் தூக்கிக் காட்டி, இந்த நெற்றைப் பாவிப்பது குற்றம் என்றார்.

தாராபுரத்துக் கருவாட்டு வியாபாரி நவ்ஷாத் நானா எழும்பினார். "சேர், நெற் பாவிக்கக்கூடாதெண்டா, இன்ரநெற்றும் அதுக்குள்ள அடங்குமா?"

பரிசோதகர் யோசித்து, சிறிய கண் என்றால் அடங்கும் என்றார்.

பிறகு அவர் சும்மா கதைக்குக் கேட்பதுபோல, போன கிழமை பாரை மீன் நல்லாகப் பட்டதாமே, எந்தப் பக்கம் என்று கேட்டார். எட்வேட் அண்ணை, இரணைதீவுப் பக்கம் என்றார். அவர் போனது நேரெதிர்ப் பக்கம், கடலுக்குள் மேடாகக் கிடக்கும் மணல் தீடைகளுக்கு. அவருடைய சொந்தத் தம்பி, பாரையே படவில்லை என்றார். இன்னொருவர், தான் ஒரு மாதமாகக் கடலுக்கே போகவில்லை என்றார், அவருடைய கையில் அன்று காலை கிழித்த மீன் முள் காயம் இன்னும் ஆறவில்லை. மீன் பட்ட இடத்தைக் கூடப்பிறந்தவனுக்கும் சொல்லாத ஆட்கள் நாங்கள். மூன்று நாளிலும் அந்த மண்டபத்தில் உண்மையான தகவல் பாதுகாப்பு நடந்தது அந்தப் பத்து நிமிஷம் மட்டும்தான். அதே ஆட்கள்தான் முதல் நாள் கடவுச்சொல்லை அடைப்புக்குறி போட்டு எழுதிக் கொடுத்தோம் என்பதை அப்போது ஒருவரும் யோசிக்கவில்லை.

அன்று பாடம் முடிந்த பிறகு சங்கக் கந்தோரில் நிறஞ்சலாவிடம் நான் கதைத்தேன். அவளுடைய நியமனம் கைநழுவப் போகிறதே என்ற பதற்றம் எனக்கு.

"பொய்யா ஒண்டை எழுதிவிடன் பிள்ளை. ஆர் போட்டுப் பாக்கப்போறாங்கள்?"

"பொய் எழுதலாம் அண்ணை. ஆனா நான் தந்ததெண்டு வரும். நாளைக்கு அடுத்த சங்கத்துப் பிள்ளையிட்டப் போய், நிறஞ்சலாவே தந்திட்டா, உமக்கென்ன எண்டு கேப்பாங்கள்."

"கேட்டா அவையள் பாத்துக்கொள்ளுவினம். உனக்கு வேலை முக்கியம்."

அவள் கணினியை மூடிவிட்டு என் பக்கம் திரும்பி இருந்தாள்.

"ரெண்டாயிரத்து ஏழில எனக்குப் பதினேழு வயசு. நிவாரணம் வருகுதெண்டு வீடு வீடாப் பேர் எடுக்கச் சொல்லிச்சினம். என்ர எழுத்து வடிவெண்டு என்னட்டத்தான் கொப்பியைத் தந்தவை. எந்த வீட்டில எத்தனை பேர், என்ன வயசு, என்ன தொழில். எல்லாக் கட்டமும் நான்தான் நிரப்பினனான். எங்கட வீட்டுக்கும் நான்தான் எழுதினனான். நிவாரணம் வரேல்லை அண்ணை. அந்தக் கொப்பியோட வேற ஆக்கள் வந்தவை."

அவளுடைய தமையன் மில்ரன் பதினெட்டு வருஷமாக வீட்டுக்கு வரவில்லை என்பது எனக்குத் தெரியும், பியர் முழுக்கத் தெரியும். அந்தக் கொப்பியை எழுதியது யார் என்று எனக்குத் தெரியாது. அவள் அதை இத்தனை வருஷமும் ஒருவரிடமும் சொன்னதில்லை.

"இதுக்குள்ள நானூற்றுப் பன்னிரண்டு பேர் கிடக்கினம்," என்று அவள் கணினியின் மேல் கையை வைத்தாள். "ஆர் எந்த வீடு, ஆர் எந்த நாள் கடலில நிக்கிறது, ஆற்ற நம்பர் என்ன. கேக்கிற ஆள் நல்ல ஆளாத்தான் இருக்கும். கொப்பி கேட்ட ஆளும் நல்ல ஆள்தான்."

எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தது. கோபம் அவள் மேல் இல்லை. என் பெரிய எழுத்தையும் சின்ன எழுத்தையும் நினைத்துத்தான்.

மூன்றாம் நாள் காலை அதிகாரசபை எங்கள் கடவுச்சொற்களை ஆராய்ந்த முடிவை வெளியிட்டது. கத்தோலிக்கர்களில் முக்கால்வாசிப் பேருடையது மடு மாதா. மிச்சப் பேருடையது புனித அந்தோனியார். முஸ்லிம்களில் பெரும்பாலானோருக்கு பிஸ்மில்லா. பின்னால் ஒன்று, இரண்டு, மூன்று.

பணிப்பாளர் உருகிப்போனார். "இந்த மாவட்ட மக்களின் கடவுச்சொல்லில் கடவுள் இருக்கிறார். இப்படியொரு மத நல்லிணக்கத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை. ஆனால் பாதுகாப்பு என்று வரும்போது கடவுளை மட்டும் நம்பக் கூடாது. கடவுளுக்குப் பயிற்சி இல்லை." ஆகவே மாவட்டம் முழுக்க எங்கள் எல்லோருக்கும் பலமான ஒரே கடவுச்சொல்லை அதிகாரசபை தயாரித்திருந்தது. அதைப் பதாகையில் அச்சடித்து மேடைக்குப் பின்னால் கட்டினார்கள், பின்வரிசைக்கும் தெரிய வேண்டும் என்பதற்காக. எல்லோரும் இப்போதே உங்கள் தொலைபேசியில் மாற்றுங்கள், மாற்றிய பின் இதை யாருக்கும் சொல்லாதீர்கள் என்றார் பணிப்பாளர். நூற்றெழுபத்தொன்பது பேரும் ஒரே சொல்லாக மாற்றிவிட்டு, அந்தப் பதாகையின் முன்னால் வரிசை வரிசையாக நின்று படமும் எடுத்தோம். படம் அதிகாரசபையின் பக்கத்தில் அன்றே வந்தது. நல்ல தெளிவான படம்.

மத்தியானம் பரீட்சை. உங்கள் கடவுச்சொல்லை யாரிடம் சொல்லலாம் என்பது பன்னிரண்டாவது கேள்வி. நிறஞ்சலா, ஒருவரிடமும் இல்லை என்ற விடைக்குக் கீழே கோடிட்டாள். அது சரி. விடைத்தாளின் அடியில், பரீட்சார்த்தியை உறுதிப்படுத்துவதற்காகக் கடவுச்சொல்லை இங்கே எழுதுக என்று மறுபடி ஒரு கட்டம் இருந்தது. அவள் அதை வெறுமையாக விட்டாள். அது பிழை.

புள்ளிகள் இப்படி: அறிவுக்கு முப்பது, வரவுக்கு முப்பத்தைந்து, ஒத்துழைப்புக்கு முப்பத்தைந்து. சித்தியடைய எழுபது வேண்டும். நிறஞ்சலாவுக்கு அறிவில் முப்பதுக்கு முப்பது, வரவு முழுதாக, ஒத்துழைப்பு பூச்சியம். மொத்தம் அறுபத்தைந்து. நவ்ஷாத் நானா பரீட்சை நேரம் முழுக்க மேசையில் தலைவைத்துத் தூங்கினார். அவருக்கு அறிவு பூச்சியம், மொத்தம் சரியாக எழுபது. எனக்கு எழுபத்து நான்கு. மாவட்டத்தில் ஆயிரத்து நூற்றுத் தொண்ணூற்றொன்பது பேர் சித்தி, ஒருவர் சித்தியில்லை என்று மேடையில் அறிவித்தார்கள். பெயரையும் அறிவித்தார்கள்.

நிறஞ்சலா அழுவாள் என்று பார்த்தேன். அவள் எழும்பி நேரே டிலோஜனிடம் போனாள்.

"சேர், நான் சித்தியடையேல்லை எண்டதுக்குக் காரணம் எழுதி ஒரு கடிதம் வேணும்."

"அது ஏன் மிஸ்?"

"சங்கத்துக்குக் காட்டவேணும். கடிதம் கேக்கிறது என்ர உரிமை எண்டு உங்கட கையேட்டில பதினாலாம் பக்கத்தில கிடக்கு."

கையேட்டை முழுதாக வாசித்த ஒரே ஆள் அவள்தான் என்பது அன்றுதான் தெரிந்தது. டிலோஜன் தட்டச்சு செய்தார். இரண்டு தரம் வாசித்து, இலக்கணப்பிழை இல்லை என்ற திருப்தியோடு பணிப்பாளரிடம் நீட்டினார். பணிப்பாளர் யாரோ ஒரு பிரமுகரோடு கதைத்தபடியே ஒப்பமிட்டார். முத்திரையும் குத்தினார்கள். அதில் இப்படி இருந்தது: "தகவல் பாதுகாப்புப் பயிற்சியின்போது தமது கடவுச்சொல்லை வெளிப்படுத்த மறுத்தமையினால், இவர் தகவல் பாதுகாப்புக்குத் தகுதியற்றவர் என இத்தால் அறியத்தரப்படுகின்றது."

அதை அவள் சங்கக் கந்தோர்ச் சுவரில், கணினிக்கு மேலே ஒட்டினாள்.

பத்து நாள் போனது. முதலில் என் முகநூலில் கறுப்புக் கண்ணாடி விற்பனைக்கு வந்தது. மெல்பேர்னில் இருக்கும் மச்சான் தொலைபேசி எடுத்து, உனக்கேனடா இந்த வயதில் கண்ணாடி வியாபாரம் என்று கேட்டான். மறுநாள் எட்வேட் அண்ணை ரஷ்ய எழுத்தில் ஏதோ நீளமாக எழுதத் தொடங்கினார். நவ்ஷாத் நானாவின் கணக்கில் அவருடைய படத்தை எடுத்துவிட்டு, கடற்கரையில் நின்று முத்தம் அனுப்பும் பெண் ஒருத்தி வந்து குந்திக்கொண்டாள். அவருடைய மனைவி பரீனா மூன்று நாள் அவரோடு கதைக்கவில்லை. கிழமை முடிவதற்குள் மாவட்டம் முழுக்கப் பயிற்றப்பட்ட ஆளணி ஒருவர் மிச்சமில்லாமல் பறிபோனது. பயிற்சிக்கு வராதவர்களுக்கு ஒன்றும் நடக்கவில்லை.

அதிகாரசபை அறிக்கை விட்டது. மன்னார் மாவட்ட ஆளணியினர் நாட்டிலேயே முதன்முதலாக நேரடி அனுபவப் பயிற்சியும் பெற்றுள்ளனர் என்று அதில் இருந்தது.

எங்கள் சங்கக் கணினி மட்டும் இருந்தபடியே இருந்தது. நானூற்றுப் பன்னிரண்டு பேரும் உள்ளே பத்திரமாக இருந்தார்கள். விஷயம் கேள்விப்பட்டு ஆட்கள் வந்து சுவரிலிருந்த கடிதத்தைப் படம் எடுத்தார்கள். படம் எங்கெல்லாமோ போனது. கொழும்புப் பத்திரிகை ஒன்று அதைப் பெட்டிக்குள் போட்டுத் தலைப்பே வைக்காமல் வெளியிட்டது. தலைப்பு தேவைப்படவில்லை.

அதற்கு அடுத்த செவ்வாய்க்கிழமை பணிப்பாளர் எங்கள் கந்தோருக்கு வந்தார். மாலை இல்லை, விளக்கு இல்லை. டிலோஜன் பின்னால் ஒரு கோப்போடு வந்தார். எட்வேட் அண்ணை கதிரை துடைத்துப் போட்டார். பணிப்பாளர் இருந்து, சுவரில் இருந்த கடிதத்தைப் பார்த்தார், பார்க்காததுபோல் முகத்தைத் திருப்பினார். டிலோஜன் கோப்பிலிருந்து ஒரு சான்றிதழை எடுத்து மேசையில் வைத்தார். நிறஞ்சலாவின் பெயர், பிழையில்லாமல். அதிவிசேட சித்தி.

"மகள், மீள்பரிசீலனையில் உங்களுடைய திறமை வெளிப்பட்டுவிட்டது," என்றார் பணிப்பாளர். "இதை நீங்கள் வைத்துக்கொள்ளலாம். அந்தப் பழைய கடிதத்தை மட்டும் எங்களிடம் தந்துவிடுங்கள். ஒரு ஆளுக்கு இரண்டு ஆவணம் இருக்கக் கூடாது."

"இதை வாங்கினா என்ர நியமனம் சரிதானே சேர்?"

"அந்தக் கடிதம் என் கையில் வந்த நிமிஷத்தில் சரி."

எட்வேட் அண்ணை என்னைப் பார்த்தார். நான் நிறஞ்சலாவைப் பார்த்தேன். பதினொரு வருஷம். தாய்க்குச் சொல்லி, தாய் மாதாவுக்கு நேர்த்தி வைத்து, எல்லாம் அந்த மேசையில் ஒரு கடதாசியாகக் கிடந்தது. எட்வேட் அண்ணைக்குப் பொறுக்கவில்லை. "பிள்ளை, குடுத்திட்டு வாங்கு. ஒரு கடிதம் தானே," என்றார்.

"அந்தக் கடிதம் அதிகாரசபையின் இரகசிய ஆவணம்," என்று பணிப்பாளர் சேர்த்துச் சொன்னார். "வெளியாட்கள் பார்க்கவே கூடாதது."

நிறஞ்சலா சான்றிதழை இரண்டு கையாலும் எடுத்து, கசங்காமல் டிலோஜனின் கோப்புக்குள் திருப்பி வைத்தாள்.

"இரகசியமெண்டா நான் ஒருத்தருக்கும் குடுக்கேலாது சேர். மூண்டு நாளும் அதைத்தானே படிப்பிச்சனீங்கள்."

"நாங்கள்தானே மகள் அந்தக் கடிதத்தைத் தந்தது?"

"ஓம் சேர். தந்த ஆளே வந்து திருப்பிக் கேக்கேக்கதான் கவனமா இருக்கவேணுமெண்டு கையேட்டில கிடக்கு. பிஷிங் பாடத்தில. அண்டைக்கு அதை ஒருத்தரும் படிப்பிக்கேல்லை, நான் வாசிச்சனான்."

டிலோஜன் கோப்பால் வாயை மறைத்துக்கொண்டார். பணிப்பாளரின் குரல் மாறியது. அவர் எட்வேட் அண்ணையைப் பார்த்துக் கதைத்தார்.

"அப்படியென்றால் இவருக்குத் தகைமை இல்லை. கணினிக்குச் சான்றிதழ் பெற்ற ஒருவரைப் போடுங்கள். மாவட்டத்தில் ஆயிரத்து நூற்றுத் தொண்ணூற்றொன்பது பேரை உங்களுக்கு உருவாக்கித் தந்திருக்கிறோம். உங்கள் செயலாளரே ஒருவர்."

எட்வேட் அண்ணை மெதுவாக என் பக்கம் திரும்பினார். "யோசேப், உன்ர பாஸ்வேட் இப்ப ஆரிட்ட?"

"தெரியாதண்ணை."

"என்ர?"

"ரஷ்யாவில எண்டு நினைக்கிறன்."

எட்வேட் அண்ணையை எங்கள் எல்லோருக்கும் தெரியும். நல்ல மனுஷன், பயந்த மனுஷன். உத்தியோகத்தர் என்று யார் வந்தாலும் எழும்பி நிற்பவர். இப்போது அவர் கதிரையில் நன்றாகச் சாய்ந்து இருந்தார்.

"கூட்ட அறிக்கைக் கொப்பியை எடு," என்றார் என்னிடம். "நிர்வாகக் குழுவில மூண்டு பேரில ரெண்டு பேர் இருக்கிறம், கூட்டத்துக்குக் கோரம் சரி. எழுது. நிறஞ்சலாவை இண்டைக்கு முதல் நிரந்தர எழுதுவினைஞரா நியமிக்கிறம்."

"அது சட்டப்படி செல்லாது," என்றார் பணிப்பாளர்.

"செல்லாதெண்டு எழுதித் தாங்கோ சேர். அதையும் சுவரில ஒட்டுறம்."

நான் எழுதினேன். பெயர், பதவி, சேவைக்காலம், எல்லாம் நிரப்பினேன். தகைமை என்ற கட்டம் வந்ததும் பேனை நின்றது.

"அண்ணை, தகைமை எண்ட இடத்தில என்ன போட?"

எட்வேட் அண்ணை சுவரைக் காட்டினார். "அந்தக் கடிதத்தின்ர இலக்கத்தைப் போடு. திகதியையும் போடு. பணிப்பாளர் சேரின்ர ஒப்பம் இருக்கெண்டும் போடு."

போட்டேன். என் வாழ்நாளில் எத்தனையோ கட்டம் நிரப்பியிருக்கிறேன், மனம் நிறைந்து நிரப்பியது அது ஒன்றைத்தான். எட்வேட் அண்ணை ஒப்பமிட, நான் சங்க முத்திரையைக் குத்தினேன். கொஞ்சம் பலமாகவே குத்தினேன்.

பணிப்பாளர் எழும்பினார். வாசலுக்குப் போகிற வழி நிறஞ்சலாவின் மேசையைத் தாண்டித்தான். அவர் அந்தப் பக்கம் வரும்போது அவள் கையை நீட்டிக் கணினித் திரையை அணைத்தாள். அவருடைய வாகனம் வெளியே கிளம்பும் சத்தம் கேட்கும் வரை அதைப் போடவில்லை.